சர்க்கரை இல்லை, மைதா இல்லை, விலை மட்டும் உண்டு

சென்னையில் ஒரு வகை உணவகம் பெருகிவருகிறது. வாசலில் சணல் திரை, சுவரில் மூங்கில் தட்டி, மேசைக்கு ஒரு துளசித் தொட்டி. மெனு அட்டையை விரித்தால் ஒரு பதார்த்தத்தில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும். வெள்ளைச் சர்க்கரை இல்லை, மைதா இல்லை, க்ளூட்டன் இல்லை, பால் இல்லை, சில இடங்களில் அடுப்பே இல்லை. இல்லாதவற்றுக்கெல்லாம் சேர்த்து வலப்பக்கம் ஒரு விலை இருக்கும்.

அக்கா மகன் புது வேலையில் சேர்ந்த மகிழ்ச்சியில் அப்படி ஓர் இடத்துக்கு எங்களை அழைத்துப் போனான். அக்காவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை நோய். "அம்மாவுக்கு ஏத்த இடம் மாமா, எல்லாமே ஹெல்தி" என்றான். 480 ரூபாய்க்கு வந்த தினை பவுல் ஆறிப்போயிருந்தது. பெரிய மண்சட்டியின் அடியில் ஒரு கைப்பிடி தினை, மேலே அலங்காரம். ராகி தோசை ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் வேகாமல் இருந்தது. பச்சை நிறச் சாற்றை அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு என் பக்கம் நகர்த்தினாள்.

சுவை அவரவர் நாக்கைப் பொறுத்தது, அதை விட்டுவிடலாம். பரிமாறிய இளைஞர் ஒவ்வொரு தட்டோடும் ஒரு மருத்துவ உறுதிமொழியைச் சேர்த்து வைத்துவிட்டுப் போனாரே, அதை விட மனம் வரவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். அதே வாசகங்களை இன்று கல்யாண வீட்டிலும் நடைப்பயிற்சிப் பூங்காவிலும் கேட்கிறோம்.

நம்பிக்கை: சிறுதானியம் என்றால் சர்க்கரை நோயாளிகள் அளவு பார்க்க வேண்டாம்

"இது மில்லட் மேம், சுகர் இருக்கறவங்க தாராளமா எடுத்துக்கலாம்."

எடுத்துக்கொள்ளலாம், சரி. தாராளமாக முடியாது. ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைகளின்படி 100 கிராம் பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. கேழ்வரகில் சுமார் 67, சாமையிலும் வரகிலும் 66, கம்பில் 62. கலோரியில் அரிசி 356 என்றால் சாமையும் கம்பும் 350ஐ ஒட்டி நிற்கின்றன, கேழ்வரகு 320. அரிசியைவிடக் குறைவுதான். ஆனால் இரண்டு மடங்கு சாப்பிடும் அளவுக்குக் குறைவு இல்லை.

பெரிய வித்தியாசம் நார்ச்சத்தில் இருக்கிறது. அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல், சாமையிலும் வரகிலும் 6 கிராமுக்கு மேல். செரிமானத்தைத் தாமதப்படுத்தி, ரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறாமல் பார்த்துக்கொள்வதில் இந்த நாருக்குப் பெரிய பங்கு உண்டு. இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சிறுதானியங்களின் சராசரி கிளைசெமிக் குறியீடு, அதாவது ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தின் அளவு, 52.7 என்று வந்தது. தீட்டிய அரிசியைவிட நன்றாகவே குறைவு. எனவே சிறுதானியத்தின் பெருமை பொய்யில்லை. கேள்வி, தட்டுக்கு வரும் தானியத்தில் அந்தப் பெருமை மிச்சமிருக்கிறதா என்பதுதான்.

கேழ்வரகும் கம்பும் உமி இல்லாத தானியங்கள், அப்படியே அரைக்கலாம். தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு அப்படியல்ல. உமியை நீக்கியாக வேண்டும். உமிக்கு அடியில் இருக்கும் தவிட்டில்தான் நாரும் தாதுச் சத்துகளும் அதிகம். ஆனால் தவிட்டில் எண்ணெயும் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், வேகவும் நேரமெடுக்கும், நிறமும் மங்கலாக இருக்கும். வியாபாரிக்கும் சமையல்காரருக்கும் இவை மூன்றுமே தொல்லை. எனவே ஆலையில் இன்னொரு சுற்று தீட்டப்படுகிறது. பளபளவென்று வெளுத்து வரும் அந்தத் தினை, அரிசிக்கு ஒன்றுவிட்ட தம்பி. பெயர்தான் வேறு, குணம் பெரும்பாலும் அண்ணனுடையது.

அதற்கு மேல் பக்குவம். முழுத் தானியமாக வேகவைத்தால் மெதுவாகச் செரிக்கிறது. நைசாக மாவாக்கித் தோசையாகவோ கஞ்சியாகவோ செய்தால் வேகம் கூடுகிறது. பொரி, அவல் என்று போகப் போக இன்னும் கூடுகிறது. எங்கள் பவுலில் தினைக்கு மேலே தேனில் புரட்டிய முந்திரியும் உலர்ந்த குருதிநெல்லியும் இருந்தன. பரிமாறியவர் தினையைப் பற்றி மட்டுமே பேசினார்.

கேழ்வரகுக்கு ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். 100 கிராமில் 364 மில்லிகிராம் கால்சியம். அதே அளவு பாலில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. அதற்காக மட்டுமே அதைச் சாப்பிடலாம். அதிலுள்ள கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பதும் உண்மைதான். முளைகட்டியோ புளிக்கவைத்தோ சமைத்தால் கூடுதலாகச் சேரும்.

நம்பிக்கை: க்ளூட்டன் இல்லாத உணவு எல்லோருக்கும் நல்லது

ராகி தோசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரின் படம் போட்டு, குறுக்கே கோடு கிழித்திருந்தார்கள். சாதாரண தோசையிலும் க்ளூட்டன் கிடையாது. அரிசியில் இல்லை, உளுந்தில் இல்லை, எந்தச் சிறுதானியத்திலும் இல்லை. இட்லியிலும் இல்லை, புட்டிலும் இல்லை, ஆப்பத்திலும் இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலும் அவற்றின் இனத்திலும் இருக்கும் புரதம் அது. தமிழர் சமையலறையில் பாதிப் பண்டங்களுக்கு அந்தப் படத்தை இலவசமாக ஒட்டலாம்.

க்ளூட்டனை உண்மையிலேயே தவிர்க்க வேண்டியவர்கள் சீலியாக் நோய் உள்ளவர்கள். அவர்களுக்கு அது சிறுகுடலையே சிதைக்கும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், வட இந்தியாவில் 1.23 சதவீதம் பெரியவர்களுக்கு இந்த நோய் இருப்பது தெரிந்தது, தென்னிந்தியாவில் 0.10 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஒருவர். கோதுமை ஒவ்வாமை, சீலியாக் அல்லாத உணர்திறன் என்று வேறு சிலரும் உண்டு. மற்றவர்கள் க்ளூட்டனைத் துறந்தால் கிடைக்கும் லாபம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. க்ளூட்டன் இல்லாத பிஸ்கட்டிலும் கேக்கிலும் கோதுமைக்குப் பதிலாகச் சேர்வது பெரும்பாலும் மரவள்ளி மாவும் அரிசி மாவும் ஸ்டார்ச்சும்தான். நார் இன்னும் குறைகிறது.

விஷயம் இதோடு முடியவில்லை. அந்தத் தோசைக்குச் சாம்பார் வந்தது. சாம்பாரில் பெருங்காயம். கடையில் டப்பாவில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் வெறும் பெருங்காயம் அல்ல. பிசினும் மாவும் கலந்தது, பல பிராண்டுகளில் அந்த மாவு கோதுமை அல்லது மைதா. உண்மையான சீலியாக் நோயாளி ஒருவர் கதிர் படத்தை நம்பி அங்கே உட்கார்ந்தால் தோசை அவரைக் காப்பாற்றும், சாம்பார் கைவிட்டுவிடும். சமையலறையில் என்ன பெருங்காயம் என்று கேட்டேன். "நல்ல பெருங்காயம் சார்" என்று பதில் வந்தது.

நம்பிக்கை: நாட்டுச் சர்க்கரையும் பேரீச்சையும் சர்க்கரைக் கணக்கில் வராது

பிரவுனிக்கு நேரே ‘வெள்ளைச் சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தது. சத்தியமான வாசகம். உள்ளே நாட்டுச் சர்க்கரையும் பேரீச்சை விழுதும் இருந்தன.

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். வெல்லத்தில் இரும்பு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 100 கிராமுக்கு நான்கைந்து மில்லிகிராம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டிக்குக் கால் மில்லிகிராம்கூட வராது. இந்தியப் பெண் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம். வெல்லத்தால் அதை ஈடுகட்டப் புறப்பட்டால் ரத்தசோகை தீருவதற்குள் வேறு நோய் வந்துவிடும்.

முழுப் பேரீச்சையில் நார் உண்டு, ஒன்றிரண்டு சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் உலர்ந்த பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு துண்டு பிரவுனிக்கு எத்தனை அரைத்தார்கள் என்று மெனு சொல்லவில்லை. வெல்லமும் தேனும் பாகும் பழச்சாறும் உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் ஒரே கணக்கில்தான் வருகின்றன. அன்றாடக் கலோரியில் அவை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5 சதவீதத்துக்குள், அதாவது பெரியவர்களுக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பழச்சாறும் அதில் அடக்கம் என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் அடுத்தது அதுதான்.

நம்பிக்கை: பச்சைச் சாறு உடலின் நச்சைக் கழுவும்

சாற்றின் பெயர் டீடாக்ஸ். பசலைக்கீரை, வெள்ளரி, இஞ்சி, எலுமிச்சை, இரண்டு ஆப்பிள். 290 ரூபாய். எந்த நச்சை வெளியேற்றும் என்று அக்கா மகன் கேட்டான். "ஆல் டாக்ஸின்ஸ் சார்" என்றார்கள்.

நச்சை வெளியேற்ற உடலுக்குள் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை வெளியேற்றுகின்றன. மருந்து, மது, அம்மோனியா எல்லாவற்றையும் கல்லீரல் உருமாற்றுகிறது. இந்த இரண்டும் பழுதானால் சாறு காப்பாற்றாது; பழுதாகாவிட்டால் சாறு தேவையில்லை.

சூடாக்காமல் பிழியும் கோல்ட் ப்ரெஸ் முறை என்பதால் சத்து அப்படியே இருக்கும் என்பது உபநம்பிக்கை. பிழிந்த பிறகு இயந்திரத்தின் இன்னொரு வாயில் விழுகிறதே சக்கை, அதோடு நாரின் பெரும்பகுதி போய்விடுகிறது. தம்ளரில் மிஞ்சுவது தண்ணீர், சில விட்டமின்கள், இரண்டு ஆப்பிளின் சர்க்கரை. ஒரு ஆப்பிளுக்கு 15 கிராம் என்று குறைத்துப் போட்டாலும், மேலே சொன்ன 25 கிராம் ஒரே தம்ளரில் தீர்ந்துவிடும். கடித்துத் தின்றால் இரண்டாவது ஆப்பிளுக்குள் வயிறு போதும் என்றிருக்கும்.

கூடுதல் சர்க்கரையோடு போனால் பரவாயில்லை என்று விடலாம். பசலையில் ஆக்ஸலேட் என்ற சேர்மம் அதிகம். கூட்டில் ஒரு கரண்டி சாப்பிடும்போது அது பொருட்டல்ல. தினமும் அரைக்கட்டைப் பச்சையாகப் பிழிந்து குடித்தால், ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமாக இருப்பவர்களுக்கு ஆபத்து. சர்க்கரை நோயாளிகளில் பலருக்கு அது பலவீனமாக இருப்பதே தெரியாது. கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று நம்பி இரும்பன்புளிச் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013இல் மருத்துவர்கள் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். பெரும்பாலோருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதிலும் குற்றவாளி ஆக்ஸலேட்தான். 2010இல் தில்லியில் சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது, மற்ற காய்களின் சாற்றோடும் கலக்கக் கூடாது என்று எச்சரித்தது. கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் நஞ்சு. குழம்புக்கு நறுக்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம் பாட்டிமாருக்கு இருந்தது. சாறு இயந்திரத்துக்கு நாக்கு கிடையாது.

நம்பிக்கை: இந்துப்பில் 84 தாதுக்கள் இருக்கின்றன, சாதா உப்பைவிட நல்லது

மேசையில் இளஞ்சிவப்புக் கட்டிகளோடு ஒரு கண்ணாடி அரைவை இருந்தது. அந்த நிறத்துக்குக் காரணம் இரும்புத் துகள். இமயமலை உப்பு என்ற பெயரில் விற்பனையாவதில் பெரும்பங்கு பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்து கேவ்ரா சுரங்கத்தில் வெட்டியெடுப்பது. அதில் சுமார் 98 சதவீதம் சோடியம் குளோரைடுதான். மீதியில் எத்தனை தாதுக்கள் இருந்தாலும், உடலுக்குப் பயன்படும் அளவுக்கு அவற்றைப் பெற வேண்டுமென்றால் ரத்த அழுத்தம் எகிறும் அளவுக்கு உப்பைத் தின்ன வேண்டும்.

அதில் போதுமான அளவு இல்லாத ஒன்றுதான் முக்கியம்: அயோடின். தைராய்டுக்கும், கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் அது கட்டாயம். அயோடின் சேர்க்காத உப்பை நேரடி உணவுக்கு விற்பது இந்தியாவில் 2006 முதல் தடை. இதில் தமிழ்நாட்டின் நிலை பெருமைப்படும்படி இல்லை. 2018–19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுவதும் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களிலேயே கடைசி. குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலம் இது. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்துக் கல்லுப்பு அயோடின் சேராமலே நம் வீடுகளுக்கு வந்துவிடுவது ஒரு காரணம். அந்தக் குறையை மெல்லச் சரிசெய்துவரும்போது, வசதியுள்ள வீடுகள் காசு கொடுத்து இந்துப்புக்கு மாறுகின்றன. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இந்த நாகரிகத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

நம்பிக்கை: ஏ2 நெய் உடம்பு வைக்காது

ஏ1, ஏ2 என்பது பாலிலுள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தின் இரு வகை. நெய்யில் ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பு. புரதமே இல்லாத பொருளில் புரதத்தின் வகையைத் தேடிப் பணம் கொடுக்கிறோம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21 அன்று பால் பொருள்களில் இந்த ஏ1, ஏ2 வாசகங்களை நீக்கச் சொன்னது; ஐந்து நாளில் அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. ஆணை போனாலும் வேதியியல் போகவில்லை. எந்த மாட்டின் நெய்யானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி.

நம்பிக்கை: விலை கூடுதல் என்றால் பொருள் அசல்

இந்த உணவகங்களின் செலவையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். இடவாடகை இருக்கிறது. கீரையும் பழமும் மறுநாள் தாங்காது. சிறுதானியத்தை உமி நீக்கினால் எடையில் கணிசமான பங்கு போய்விடும், அதற்கான ஆலைகளும் குறைவு. இதையெல்லாம் கூட்டினாலும் கணக்கு இடிக்கிறது. சில்லறைக் கடையில் ஒரு கிலோ கேழ்வரகு 100 ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு தோசைக்கு 50, 60 கிராம் மாவு. மீதிப் பணம் மூங்கில் தட்டிக்குப் போயிருக்கிறது. அதைக் கொடுப்பது அவரவர் விருப்பம். உட்கார்ந்து பேச நல்ல இடம், இரைச்சல் இல்லை, கழிவறை சுத்தமாக இருந்தது. இவற்றுக்குக் காசு கொடுக்கலாம், உடல்நலத்துக்குக் கொடுத்ததாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

‘ஆர்கானிக்’ என்று சுவரில் எழுதியிருப்பதற்கு மதிப்பில்லை. பொட்டலத்தில் அரசின் ஜைவிக் பாரத் முத்திரையும் சான்றிதழ் எண்ணும் இருந்தால் கேள்வி கேட்க ஓர் இடமிருக்கிறது. சமைத்த தட்டில் முத்திரை ஒட்ட முடியாது. வாங்கிய சாக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். கலோரி அளவும் அப்படித்தான். மெனுவில் கலோரியை அச்சிட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் அது மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருக்கும் உணவகங்களுக்குத்தான். பர்கர் சங்கிலிக் கடைக்காரர் எத்தனை கலோரி என்று சொல்லியாக வேண்டும், ஆரோக்கியத்தையே தொழிலாகக் கொண்ட ஒற்றைக் கடைக்காரர் சொல்லத் தேவையில்லை. விந்தையான ஏற்பாடு.

எங்கள் ரசீதில் சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் சேர்ந்திருந்தது. வாடிக்கையாளரைக் கேட்காமல் இதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அக்கா மகன் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் நீக்கினார்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நம்பிக்கை: அப்படியானால் தள்ளுவண்டிக் கூழ்தான் உண்மையான ஆரோக்கிய உணவு

இதைச் சொல்லிவிட்டு எழுந்துவிட எனக்கும் ஆசைதான். கைதட்டல் கிடைக்கும். ஆனால் மேலே சொன்ன கணக்கு வண்டிக்கும் பொருந்தும். கம்பங்கூழில் முழுத் தானியம் இருக்கிறது, புளித்திருக்கிறது, சின்ன வெங்காயமும் மோரும் சேர்கின்றன, விலையும் மலிவு. வெயிலில் உழைக்கிறவருக்கு அதைவிட நல்ல மதிய உணவு சொல்வது கடினம். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கோ, நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிய மாவு வேகமாகத்தான் ரத்தத்தில் ஏறும். பெரிய சொம்பு என்றால் இன்னும் கூடுதல். தொட்டுக்கொள்ளத் தரும் மோர்மிளகாய், வற்றல், மாங்காய் ஊறுகாயில் உப்பு அள்ளிக் கொட்டியிருக்கும்; ஒரு நாளைக்கு உலக சுகாதார நிறுவனம் அனுமதிப்பது மொத்தமே 5 கிராம். கரைக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

தர்மபுரியிலும் நீலகிரியிலும் 2023 முதல் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். அங்கே அதை யாரும் பவுலில் வைத்து விற்பதில்லை. களியாகக் கிண்டிக் கீரைக்குழம்போடு சாப்பிடுகிறார்கள். அக்காவுக்கு அவளுடைய உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்திருக்கும் மதியச் சாப்பாடும் அந்த வகைதான்: கம்பஞ்சோறு ஒரு கப், அவரைக்காய்ப் பொரியல் ஒரு கப், பாசிப்பயறுச் சுண்டல் அரைக் கப், ஒரு தம்ளர் மோர். ஒவ்வொன்றையும் கப்பால் அளந்து எடுக்க வேண்டும் என்பதில்தான் அவளுக்கும் அவருக்கும் இன்னும் சண்டை.